அட்டைப்பெட்டியின் பின்பக்கம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். குன்னூர் பஜாரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் பதினாறு வருஷமாக நிற்கிறேன். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் கோபம் வரும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கும் பக்கத்தையே வெட்டித் தரச் சொன்னால் கோபம் வரும். முகத்துக்கு க்ரீம் வாங்க வந்து, பெட்டியின் முன்பக்கத்தில் சிரிக்கும் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுகிறவர்களைக் கண்டால் எல்லாவற்றையும்விட அதிகமாக வரும்.

திருப்பிப் பாருங்கள் என்பேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதுதான் க்ரீம், முன்பக்கத்தில் இருப்பது வெறும் படம். எது அதிகமோ அது முதலில் வரும், குறையக் குறையக் கீழே போகும். முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், அப்புறம் ஏதாவது ஒரு மெழுகு. குங்குமப்பூ என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்னால் தேடினால் வாசனைப் பொருளுக்கும் கீழே, பத்துப் படி சாம்பாருக்கு ஒரு சிட்டிகைப் பெருங்காயம் மாதிரி கிடக்கும். மலிவான க்ரீமையும் நாலு மடங்கு விலை உள்ளதையும் அருகருகே வைத்து முதல் ஐந்து பெயர்களை விரலால் தொட்டுக் காட்டுவேன். பல நேரம் ஐந்தும் ஒன்றாக இருக்கும். கேட்டவள் முகத்தில் ஏமாற்றமும் நிம்மதியும் சேர்ந்து வரும்.

கடை ஓனர் தரணிதரன் சாருக்கு இது பிடிக்காது. ஆனால் என்னிடம் கேட்பதற்கென்றே கோத்தகிரியிலிருந்தும் கொலக்கம்பையிலிருந்தும் பெண்கள் வந்தார்கள், வந்தவர்கள் வீட்டுக்கு வேண்டிய மருந்தையும் இங்கேயே வாங்கினார்கள். அதனால் அவர் வாயைத் திறக்கவில்லை. கெஸியா அக்கா பார்த்துச் சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பூசலாம் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு எஸ்டேட்களில் இருந்தது. அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு நடந்ததைச் சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல ஆகிவிடும்.

வனிதாவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் குடும்பம் சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இருந்தார்கள். என் அப்பா அதே எஸ்டேட் ஆபீசில் கிளார்க். கெமிஸ்ட்ரியில் எப்போதும் அவள்தான் என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்குவாள். ப்ளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் அப்பா ராஜரத்தினம் இறந்துபோனார். அவர் வேலை இவளுக்கு வந்தது. நான் டி.பார்ம். படிக்கக் கோயம்புத்தூர் போனேன், அவள் கொழுந்து பறிக்கப் போனாள். இருபது வருஷமாகிவிட்டது. சனிக்கிழமை சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து கால்மணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவாள்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டாக மங்கு விழுந்தது. மலையில் குளிர்தானே, வெயில் எங்கே என்று கீழேயிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். உறைபனி விழுந்த நாளில் பதினொரு மணிக்குத் தேயிலைக் காட்டில் நின்று பார்க்க வேண்டும், தோலை உரித்துவிடும். அந்த வெயிலில் அவள் தினமும் எட்டு மணி நேரம் நின்றாள். புருஷன் விஜயனுக்கு வெலிங்டனில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. உன் மூஞ்சியில் இந்தியா மேப்பும் இலங்கை மேப்பும் இருக்கிறது என்று கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். ஒருநாள் அதை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

நான் வெயிலுக்குப் பூசும் க்ரீமைக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும் என்றேன். கை நிறையத் தேயிலைக் கறையோடு, பிஸ்கட் சாப்பிடக்கூட நேரமில்லாமல் பறிக்கிறவள் எப்படி மூன்று மணிக்கொரு தடவை பூசுவாள்? அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. சொல்வதைச் சொல்லிவிட்டேன், கேட்காதது அவள் தப்பு என்று இருந்தேன்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டுப் பெட்டி, ஓரத்தில் தங்க நிறக் கோடு. அவள் லைனில் இருக்கும் தெய்வம்மா விற்கிறாளாம். தெய்வம்மாவை எனக்கும் தெரியும். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பிறகு நைட்டி, வளையல் என்று லைன் லைனாகச் சுமந்து விற்கிறவள். எங்கள் கடை க்ரீமோடு இதை ஒப்பிட்டு எது தேவலை என்று சொல்லச் சொன்னாள் வனிதா.

எனக்குப் பிடித்த வேலை. இரண்டு பெட்டிகளையும் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிறத்திட்டுக்குக் கொஞ்சமாவது வேலை செய்வது நயாசினமைடு. எங்கள் கடை க்ரீமில் அது ஏழாவது இடத்தில் இருந்தது, அவள் கொண்டுவந்ததில் மூன்றாவது இடத்தில். மற்றபடி தண்ணீர், கிளிசரின், வைட்டமின் ஈ, பயப்பட ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து அந்தப் பெயரின் கீழே கோடு போட்டேன். பக்கத்தில் ஒரு டிக் அடித்தேன். நம் கடை க்ரீமைவிட இதில் சரக்கு அதிகம், தாராளமாகப் பூசு என்றேன்.

க்ரீம் டப்பாவை நான் பார்க்கவே இல்லை. அது வீட்டில் இருக்கிறது என்றாள். போகும்போது அட்டைப்பெட்டியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டாள், தெய்வம்மா திருப்பிக் கேட்பாளாம். வெறும் அட்டையை எதற்குத் திருப்பிக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மூன்றே வாரத்தில் மங்கு போய்விட்டது. நயாசினமைடு மூன்று வாரத்தில் மங்கைப் போக்காது. மூன்று மாதம் விடாமல் பூசினால் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கடையில் நாலு பேர் இருக்கும்போது வனிதா கன்னத்தைத் திருப்பிக் காட்டி, கெஸி பார்த்துச் சொன்ன க்ரீம் என்று பெருமையாகச் சொன்னபோது, தெரிந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று பெண்கள் அந்த க்ரீமைப் பற்றி வாய்வார்த்தையாகக் கேட்டார்கள். நல்லதுதான் என்றேன்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு சனிக்கிழமை வனிதா வந்தாள். முகம் உப்பியிருந்தது. காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. காலையில் எழுந்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை, சிறுநீர் போனால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது என்று காதோடு சொன்னாள். கடையில் கூட்டம். சரக்கு வேறு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணிக்கொண்டே கேட்டேன்.

"கெஸி, அந்த க்ரீம்னாலயா இருக்குமோ?" என்றாள்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் டிக் அடித்ததைச் சந்தேகப்படுகிறாள் என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஏறியது.

"மூஞ்சியில பூசறது காலுக்கு எப்படிப் புள்ள எறங்கும்? படிச்சது நீயா நானா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாள் முழுக்க மழையில் நின்றால் கால் வீங்கத்தான் செய்யும், உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே, தேவைப்பட்டால் எஸ்டேட் டாக்டரிடம் காட்டு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். வனிதா பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கோபமாக இருக்கிறாள், தானாக வருவாள் என்று விட்டுவிட்டேன். போய்ப் பார்க்க பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான்.

ஜூலைக் கடைசியில் விஜயன் போன் செய்தான். மூச்சு விடச் சிரமப்பட்டதால் குன்னூரில் காட்டி, அங்கிருந்து கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிட்னியிலிருந்து புரதம் ஒழுகுகிறதாம். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எதனால் என்று தெரியவில்லையாம். ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை ஷண்முகப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். கோத்தகிரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, ஆவணியில் கல்யாணம். கைப்பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். தங்க நிறக் கோடு போட்ட ஓரம். பழக்கதோஷத்தில் திருப்பினேன். மூன்றாவது பெயரின் கீழே நீலக் கோடு, பக்கத்தில் டிக். அது என் டிக். கீழ்க்கால் சின்னதாக, மேல்கால் நீளமாக, பள்ளியிலிருந்தே நான் அப்படித்தான் போடுவேன்.

வனிதாவின் பெட்டி இவளிடம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"இது ஆரோட பெட்டியும் இல்லீங்க்கா. தெய்வம்மாக்கா கிட்ட இருக்கறதே இந்த ஒண்ணுதானுங்க. நீங்க டிக் போட்டதக் காமிச்சுத்தான் எல்லாருக்கும் குடுக்கறாங்க. என்ற அம்மா ஒருக்கா உங்களயே நேர்ல கேட்டுட்டு வரச்சொன்னாங்க, அதான் வாங்கிட்டு வந்தனுங்க."

டப்பாவைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்தாள். பேர் ஊர் ஏதுமில்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. மூடி வேறு எதனுடையதோ, சரியாகப் பொருந்தவில்லை. திறந்தேன். உள்ளே வெள்ளையாக இருந்த க்ரீம், மூடி சரியாக மூடாமல் வெளிச்சம் பட்ட ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தது. நயாசினமைடும் கிளிசரினும் வெளிச்சம் பட்டால் சாம்பலாகாது. எது ஆகும் என்று எனக்குப் படித்த ஞாபகம் இருந்தது. பாதரசம் சேர்த்தால் முகம் மூன்று வாரத்தில் வெளுக்கும். அது தோல் வழியாக இறங்கிக் கிட்னியில் போய் உட்காரும். முகத்தில் பூசுவது காலுக்கு எப்படி இறங்கும் என்று நான் கேட்டேனே, இப்படித்தான் இறங்கும்.

அந்தப் பெண்ணிடம் டப்பாவை வாங்கிக்கொண்டேன். இனித் தொடாதே, சிறுநீரைப் பரிசோதனை செய்துகொள் என்றேன். அப்புறம் ஏன் டிக் போட்டீர்கள் என்று கேட்டாள். நான் டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினேன்.

மதியமே லீவு சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் போனேன். மூடுபனியில் லைன் கூரைகள் மட்டும் தெரிந்தன. தெய்வம்மா வீட்டில்தான் இருந்தாள். உட்கார வைத்துப் பால் ஊற்றாத சாயத்தண்ணி கொடுத்தாள். நான் கேட்டதும் எதையும் மறைக்கவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்துக் காட்டினாள். பெயிண்ட் வாளி அளவு, பாதி காலி, மேலே ஒரு எழுத்து கிடையாது. கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்து தருகிறானாம். முதல் தடவை மட்டும் ஒரே ஒரு டப்பா அட்டைப்பெட்டியோடு கொடுத்தானாம். அது தீர்ந்ததும் வாளி வந்தது. பெட்டி அழகாக இருந்ததால் வைத்துக்கொண்டாள். அதைத்தான் வனிதா என்னிடம் கொண்டுவந்தாள். அதைத்தான் நான் படித்தேன்.

பெட்டியில் இருப்பது வேறு, டப்பாவில் இருப்பது வேறு, அது உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். தெய்வம்மாவுக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை.

"பெட்டியில எழுதியிருக்கிறத ஆரு பிள்ள பாக்குறது? நீ குடிக்கிற தேத்தண்ணித் தூள் என்னத்துல இருக்கு, பாரு."

பார்த்தேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எஸ்டேட்டில் தூள் ஃபாக்டரியிலிருந்து சில்லறையாகத்தான் வரும், எந்த டப்பா காலியோ அதில் கொட்டி வைப்போம். ஹார்லிக்ஸ் போத்தலில் மிளகாய்த்தூள், பால்பவுடர் டின்னில் சீனி. என் அப்பா வீட்டிலும் அப்படித்தான். இந்த லைன்களில் டப்பாமேல் எழுதியிருப்பதை நம்பி யாரும் டப்பாவைத் திறப்பதில்லை. திறந்து, முகர்ந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். இங்கேயே வளர்ந்து, அதை மறந்துவிட்டு, திறக்காமலே படித்தவள் நான் ஒருத்திதான்.

யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் பேர் பேராகச் சொல்லிக்கொண்டே போனாள், சின்னம்மை அக்கா, பாலுவின் மனைவி, ஃபாக்டரியில் வேலை செய்யும் பிலோமி என்று. பாதிப் பேரை எனக்குத் தெரியும். தெய்வம்மாவின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. வாளியை மூடும்போது அவள் கை நடுங்கியது. வயசாச்சு என்றாள்.

"நீ நல்லதுன்னு சொன்னதாலதான் தங்கச்சி நானும் பூசுறேன். இல்லாட்டி எனக்கு என்னத்துக்கு இந்த வயசுல?"

வாளியை யாருக்கும் கொடுக்க மாட்டேன், நானும் பூச மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் சொன்ன பேர்களையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூருக்குக் கிளம்பினேன். டப்பா மடியில், பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது என் மனசு எங்கெல்லாமோ போனது. ஜன்னல் திறந்திருந்தது, கீழே ஆழமான காடு. தூக்கிப் போட்டுவிட்டு, வனிதாவிடம் மட்டும் ரகசியமாக நிறுத்தச் சொன்னால் என்ன? க்ரீமை நிறுத்தினால் போதும்தானே? டாக்டரிடம் சொன்னால் யார் கொடுத்தது, யார் நல்லது என்றது என்று கேள்வி வரும். என் லைசென்ஸ் போகலாம். கடைக்கும் கெட்ட பெயர். பதினாறு வருஷம். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கல்லார் வந்து பஸ் சமவெளியைத் தொட்டபோதும் டப்பா என் மடியிலேயே இருந்தது. அதற்குக் காரணம் தைரியமா, கை வராததா என்று எனக்கே தெரியாது.

வார்டில் வனிதா ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தாள். கண் இரண்டும் கோடாகியிருந்தன. வயிறு வீங்கியிருந்தது. கன்னம் மட்டும் ஒரு திட்டு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். விஜயன் டீ வாங்கப் போயிருந்தான். தலைமாட்டில் அவள் துணிப்பை. சீப்புக்கும் பவுடருக்கும் நடுவில் அதே வெள்ளை டப்பா இருந்தது.

இங்கேயுமா பூசுகிறாய் என்று கேட்டேன். காலையில்கூடப் பூசினேன் என்று தலையை ஆட்டினாள்.

"டாக்டர் க்ரீம் ஏதாச்சும் பூசறயான்னு கேக்கலயா?"

"கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

"ஏம் புள்ள?"

"என்ன க்ரீமு, ஆரு குடுத்தது, ஆரு பாத்துச் சொன்னதுன்னு கேப்பாங்க. உன்ற பேரு வருமில்ல."

என் கோபம் அப்போதும் என்னை விடவில்லை. அப்படியென்றால் உனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது, இருந்தும் ஏன் பூசினாய் என்று கேட்டேன். கேட்கும்போதே அது யார்மேல் வர வேண்டிய கோபம் என்று தெரிந்தது. வனிதாவுக்குக் கோபம் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"கேட்டனே கெஸி. படிச்சது நீயா நானான்ன. படிச்சது நீதான?"

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று நினைத்துக்கொண்டே அழுதேன். அவள் அன்றைக்கு ஒருமுறை கேட்டதே பெரிய விஷயம். இரண்டு மார்க் கூட வாங்கியவள் நாலு பேர் முன்னால் அதைக் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு, மழையில் போனாள். அதற்கப்புறம் ஏழு வாரம், தினமும் இரண்டு வேளை, என் வார்த்தையை நம்பிப் பூசியிருக்கிறாள். நான் அவள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனேன்.

டாக்டர் ஹன்னா என்னைவிடச் சின்னவர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். க்ரீம் நல்லது என்று சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நீங்கள் யார் என்றார். பார்மசிஸ்ட் என்றேன். பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் தனிச் சோதனை எழுதினார். இருக்கக்கூடிய அளவைப்போலப் பல மடங்கு பாதரசம் என்று ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

நிறுத்திவிட்டால் நிறையப் பேருக்குச் சரியாகிவிடும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். வனிதாவுக்கு ஆகுமா என்று விஜயன் கேட்டான். வீக்கம் ஆரம்பித்தபோதே நிறுத்தியிருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன், இப்போது ஒரு வருஷம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். விஜயன் என்னைப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் அவன் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

திரும்பி வந்து என் கையாலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாளியை எடுத்துப் போனார்கள். கொண்டுவந்த ஆள் அகப்படவில்லை. என்மேல் விசாரணை இன்னும் முடியவில்லை, கடையில் இப்போது பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை லைன் லைனாகப் போய்க் கதவைத் தட்டினேன். சிலர் டப்பாவைக் கொடுத்தார்கள், பரிசோதனைக்கும் வந்தார்கள். பிலோமிக்கும் புரதம் போவது அதில்தான் தெரிந்தது. சிலர் கொடுக்கவில்லை. அன்றைக்கு நல்லது என்றீர்கள், இன்றைக்கு விஷம் என்கிறீர்கள், எந்தக் கெஸியாவை நம்புவது என்று பாலுவின் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் இன்னும் பூசுகிறாள் என்று கேள்வி.

அக்டோபரில் வனிதாவை மறுபரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன், விஜயனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீக்கம் பாதி வடிந்திருந்தது. கன்னத்தில் மங்கு திரும்ப வர ஆரம்பித்திருந்தது. புரதம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை என்றார் டாக்டர். புதிதாக இரண்டு மாத்திரை எழுதினார்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நீளமான வரிசை. அரை மணி நேரம் நின்று வாங்கினாள். வாங்கியதும், பழக்கத்தில், அட்டையைத் திருப்பிப் பார்க்க நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கோபமாகவும் இல்லை. என் கை நீண்டிருப்பதைப் பார்த்தாள், திரும்பி மறுபடி கவுண்டருக்கே போனாள். இது எதற்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று உள்ளே இருந்தவனிடம் கேட்டாள். அவன் தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னான். புரியவில்லை என்றாள். சீட்டில் எழுதியிருக்கிறது, அடுத்த ஆள் வாங்க என்றான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வனிதா நகரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சாலும் பரவால்லீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

அவனுக்கு எரிச்சல் வருவது அவன் கழுத்திலேயே தெரிந்தது. அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அது என்ன மாத்திரை என்றும் எனக்குத் தெரியும், இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். அவன் கடைசியில் பெருமூச்சு விட்டு, மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். நான் வரிசைக்கு வெளியே அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.